முப்பது வரி போதும்

போனை இன்னொருக்கா அழுத்தாதீங்கண்ணா. அழுத்த அழுத்த மறுபடியும் மொதல்ல இருந்து சுத்தும். மடியில வெச்சுட்டுக் கம்முனு இருங்க, வர்றப்ப வரும். என்னதுங்க அது, ரிசல்ட்டுங்களா? பையன் வேலைக்கு எழுதுனதுங்களா? ஓ. பாஸான அத்தனை பேரு நம்பரையும் ஒரே பக்கத்துல கொட்டி வெச்சிருப்பானுங்க, படுபாவிக. அத்தனையும் எறங்குனாத்தான் உங்க பையன் இருக்கறானா இல்லையான்னே தெரியும். ரயிலு திண்டுக்கல்லு தாண்டி எவ்வளவு தூரம் வந்துருச்சு, இன்னும் சுத்துது பாருங்க.

எனக்கு எப்படித் தெரியும்னு பாக்கறீங்களா? அதுதானுங்க என்ற பொழப்பு. செங்கோட்டுவேலுங்க பேரு. ஈரோட்டுல ஒரு பார்சல் சர்வீஸுக்குக் கம்ப்யூட்டர் வேலை பூரா நாந்தான். பேரு வேண்டாமுங்க, இன்னும் அங்கதான் சம்பளம் வாங்கறேன். நாகர்கோயில் போறேன். என்ற ஊட்டுக்காரி அங்க இருக்கறா. நாளைக்கு நேர்ல வந்து ஒரு முடிவு சொல்லோணுமாம். சேந்து இருக்கறதா, அத்து உட்டுக்கறதான்னு. அது கெடக்கட்டும். அதைப் பேசுனா எனக்கு நெஞ்சு எரியும். கம்ப்யூட்டர்ல இதே மாதிரி ஒரு பக்கத்தோட கதையச் சொல்றேன், கேளுங்க. இதுவும் எரியறதுதான்.

எங்க குடோன்ல டெலிவரி ஆகாம இருக்கற சரக்குப் பட்டியல் இருக்குதுங்களே, சாதாரண நாள்லயே நெம்பப் பெருசு. தீவாளி சமயத்துல எல்லா ஊரு குடோனும் சேந்து ரெண்டு லட்சம் வரிக்கு மேல போயிரும். பார்சல் பேரு, அனுப்புனவங்க, வாங்கறவங்க, போன் நம்பரு, எந்த ஊரு, எந்த மூலை, எல்லாம். எனக்கு முன்னாடி இருந்த ஆளு அதை அப்படியே ஒரே பக்கத்துல கொட்டி வெச்சுட்டுப் போயிட்டாரு. தெறந்தா எறங்கும், எறங்கும், எறங்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டரு மூச்சு முட்டிச் செத்துப் பொழைக்கும்.

கவுண்டர்ல குப்புராஜுன்னு ஒருத்தன். அவன் என்ன செய்வான்னா, காலையில கடை தெறந்ததும் மொதல்ல அந்தப் பக்கத்தைத் தெறந்து உட்டுட்டுத்தான் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுவான். கற்பூரம் காட்டி, தராசுக்குப் பொட்டு வெச்சு, டீ குடிச்சு, பேப்பர் படிச்சு முடிக்கறதுக்கும் பக்கம் முழுசா எறங்கறதுக்கும் சரியா இருக்கும். அப்புறம் அன்னிக்குப் பூரா அதை மூட மாட்டான், ஒருத்தரையும் தொட உட மாட்டான். ஆரு வந்து பார்சல் கேட்டாலும் கன்ட்ரோலையும் எஃப்பையும் சேத்து ஒரு தட்டு, பேரை அடிச்சு ஒரு தட்டு. அந்த வரி மஞ்சக் கலர்ல வந்து நிக்கும். மத்தியானம் எறங்குன லோடு அதுல தெரியாது. அதைக் கேட்டு வர்றவங்களுக்கு நாளைக்கு வாங்கம்பான். இது ஒரு பொழப்புங்களா? ஈரோட்டுல மட்டுமில்லீங்க, எல்லா ஊரு கவுண்டர்லயும் இதே கூத்துத்தான்.

நானு ஒக்காந்து புதுசாக் கட்டுனேனுங்க. ஒரு சீசன் பூரா அதுலயே கெடந்தேன். எப்படின்னு கேளுங்க, உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். கல்யாண வீட்டுக்கு ரெண்டாயிரம் பேரு வர்றாங்க. ரெண்டாயிரம் எலையவா ஒரேயடியாப் போடறோம்? பந்திக்கு எத்தனை பேரு ஒக்கார முடியுமோ அத்தனை எலை. அவங்க எந்திரிச்சா அதே எடத்துல அடுத்த எலை. அதேதானுங்க. திரையில கண்ணுக்குத் தெரியறது முப்பது வரி. முப்பது வரி மட்டும் போட்டாப் போதும். நீங்க கீழ தள்ளத் தள்ள, மேல போறதை எடுத்துட்டு அதே எடத்துல புது வரி வெக்கறது. பக்கவாட்டுல அந்தப் பட்டை மட்டும் ரெண்டு லட்சத்துக்கும் இருக்கற மாதிரி நீளமாக் காட்டும். பாக்கறவனுக்கு எல்லாமே இருக்கற மாதிரி இருக்கும். உள்ள முப்பதுதான். மத்ததெல்லாம் கேட்டா வரும்.

கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துச்சுங்கண்ணா. பொய் சொல்லலை. எங்க மொதலாளி ஆண்டமுத்து அண்ணன் சொடக்குப் போட்டுப் பாத்தாரு. "ஏ வேலு, சொடக்குக்கு முன்னாடி வந்துருச்சேடா!"ன்னு என்ற முதுகுல தட்டுனாரு. இந்தக் குப்புராஜு இருக்கறானே, அவன் மூஞ்சியில ஒரு சந்தோசம் இல்லை. "மீதியெல்லாம் எங்கீங் சார்?"ங்கறான். "இருக்குதுடா, நீ போற எடத்துக்கு வரும்"னேன். லொள்ளு புடிச்சவன்.

தேடறதுக்குன்னு உச்சியிலயே ஒரு பெட்டி வெச்சிருந்தேனுங்க. அதுல பேரைப் போட்டா ரெண்டு லட்சத்துலயும் தேடிக் கொண்டாந்து குடுக்கும். எல்லாருக்கும் மெயில் போட்டு உட்டேன். அதைப் படிக்கலைன்னா நானா பொறுப்பு? ஊர் ஊராப் போயி ஒவ்வொருத்தன் கையையும் புடிச்சா சொல்லிக் குடுக்க முடியும்? கண்ணு இருக்குதல்ல எல்லாருக்கும்?

தண்ணி வேணுங்களா? நீங்க குடிங்க, எனக்கு வேண்டாம்.

கோகிலவாணிங்க, என்ற ஊட்டுக்காரி பேரு. பேங்க்குல வேலை. ஆடி மாசம் புரமோஷன் குடுத்து நாகர்கோயிலுக்குத் தாட்டி உட்டாங்க. வேண்டாம்னு எழுதிக் குடுத்துருன்னேன். அவ கேக்கலை. "நீங்க வாங்க மாமா, உங்க வேலைய எங்க இருந்து வேணும்னாலும் செய்யலாமல்ல"ங்கறா. இந்தப் பக்கத்தைப் பாதியில போட்டுட்டு எப்படிங்க போறது? அவ எங்க பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டா. போறப்ப ஒரு வார்த்தை சொன்னா பாருங்க. "உங்களுக்குக் கண்ணு முன்னால இருந்தாத்தான் மாமா ஆளு. அக்கட்ட போயிட்டா இல்லாதவங்கதான்"னா. என்ன பேச்சுங்க இது? அவங்களுக்கும் சேத்துத்தானே நான் கண்ணு முழிச்சு ஒழைக்கறேன்?

அப்புறம் தீவாளி. தீவாளிக்கு எனக்குச் சட்டை எடுக்கறது எப்பவும் அவதான். ரெடிமேடு எனக்கு ஆகாதுங்க. என்ற ஒசரத்தைப் பாத்தா உங்களுக்கே தெரியும், சட்டைக் கை மணிக்கட்டு வரைக்கும் எட்டவே எட்டாது. அவதான் துணி எடுத்து, எச்சா ரெண்டு விரக்கடை உட்டுத் தெக்கச் சொல்லி அளவு குடுப்பா. போன் பண்ணா. மூணு மாசத்துக்கு அப்புறம் அவளா பண்ணா. "சட்டையும் வேட்டியும் பார்சல்ல போட்டு உட்டிருக்கறனுங்க. உங்க சர்வீஸுலதான். அதைப் போட்டுட்டு தீவாளிக்கு இங்க வந்துருங்க. வந்தீங்கன்னா நம்ம சண்டை, ஒரியாட்டமெல்லாம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கறேன். வரலைன்னா அதையும் புரிஞ்சுக்கறேன்"னா.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்கண்ணா, உள்ளதைச் சொல்றேன். ஆனா வாய் சும்மா இருக்குதுங்களா? "ரசீதைப் படம் புடிச்சு அனுப்பு"ன்னேன். அதுக்கு அவ, "உங்க கம்பெனிதானே, என்ற ஒரு பார்சலை உங்களால தேடி எடுக்க முடியாதா? தேடிக்கங்க"ன்னுட்டு வெச்சுட்டா.

தேடுனேனுங்க. தேடாம இருப்பனா? அதுக்குன்னு நானே போயி கம்ப்யூட்டர்ல ஒக்காந்து சொந்தப் பொண்டாட்டி அனுப்புன பார்சல் வந்துருக்குதான்னு தேடிட்டு இருந்தா, பாக்கறவன் என்ன நெனைப்பான்? ஆபீஸ்ல எல்லாத்துக்கும் தெரியும் அவ கோவிச்சுட்டுப் போனது. அதனால கவுண்டர் பக்கம் சும்மா போற மாதிரி போயி, "குப்புராஜு, நாகர்கோயில்லருந்து கோகிலவாணின்னு ஏதாச்சும் வந்துருக்குதா பாரு"ன்னேன், ஆருக்கோ கேக்கற மாதிரி. அவனும் டக்கு டக்குன்னு ரெண்டு தட்டுத் தட்டுனான். நான் கேட்டு முடிக்கலை, "இல்லீங் சார்"னுட்டான். பாத்துக்கங்க, எவ்வளவு வேகம். பழைய பக்கமா இருந்தா நாளைக்கு வாங்கன்னிருப்பான்.

அடுத்த நாளும் போனேன். இல்லீங் சார். தீவாளிக்கு மொத நாளு. இல்லீங் சார்.

அனுப்பவே இல்லைங்கண்ணா அவ! என்னை வரவெச்சு, ஒண்ணுமில்லாம நிக்க வெச்சு, கெஞ்ச உடோணும்னு பாத்திருக்கறா. இல்லைன்னா ரசீது காட்டறதுக்கு என்ன கேடு? என்ற பட்டியல்ல இல்லைன்னா அது இல்லைதானுங்க. நானு கட்டுன பக்கம் அது, அதுல ஒரு வரி தப்பாது. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். போகலை. தீவாளியன்னிக்குப் பழைய சட்டையப் போட்டுட்டு ஊட்டுல படுத்துக் கெடந்தேன். அதேதானுங்க இப்ப போட்டிருக்கறதும், போன வருசம் அவ எடுத்தது. பாப்பா புதுப் பாவாடை கட்டிட்டு, அப்பா வரும்னு வாசல்லயே நின்னுட்டு இருந்துச்சாம். மொதலாளி சொன்னாரு. அவருக்கு ஆரு சொன்னாங்களோ. கொழந்தைய நிக்க வெச்சது ஆரு தப்புங்க?

இங்க ஊரே வந்து கவுண்டர்ல சண்டை. எல்லாத்துக்கும் பார்சல் காணமாம். எங்க பட்டாசு, எங்க சீலை, எங்க பலகாரம். கவுண்டர்ல இருக்கறவனெல்லாம் எனக்குப் போன் போட்டு, "சார், பட்டியல்ல காட்ட மாட்டேங்குது சார்"ங்கறான். எல்லா ஊர்ல இருந்தும். காதுல ரத்தம் வராத கொறை. போன் நம்பரையே மாத்திட்டேன். புது நம்பரு மொதலாளிக்கு மட்டும்தான் குடுத்தேன். கோகிலாவுக்கா? அவ கேட்டாத்தானுங்க குடுக்கறது? தீவாளிக்கு அப்புறம் ஒரு போன் இல்லை அவகிட்ட இருந்து. ஒரே ஒரு போன் இல்லைங்க.

கார்த்திகையிலதான் சமாச்சாரம் தெரிஞ்சுது. மொதலாளியே குடோனுக்குள்ள போயிப் பாத்திருக்கறாரு. காணம்னு சொன்னதெல்லாம் மேல பரண், அட்டாளி வரைக்கும் அடுக்கிக் கெடக்குது. குப்புராஜைக் கூப்புட்டு, எப்படித் தேடுறேன்னு காட்டுடான்னா, அவன் பழையபடியே கன்ட்ரோலு எஃப்பு அடிக்கறான்! அது திரையில போட்டிருக்கற முப்பது வரியில மட்டும்தானுங்க தேடும். அங்க இல்லைன்னா இல்லைன்னு காட்டும். மாமன் கல்யாணத்துக்கு வந்துட்டாரான்னு பந்தியில மட்டும் எட்டிப் பாத்துட்டு, மாமன் வரவே இல்லைன்னு ஊரெல்லாம் சொன்னா எப்படியிருக்கும்? மாமன் வெளிய பந்தல்ல ஒக்காந்து வெத்தலை போட்டுட்டு இருக்கறாரு. தேடற பெட்டிய உச்சியில வெச்சிருக்கறேன். தொடலை. ஒருத்தன் தொடலை. எந்த ஊர்லயும் தொடலை.

மொதலாளி ஆரைத் திட்டுனாருங்கறீங்க? என்னைய. அத்தனை பேரு முன்னாடி. "உன்ற முப்பது வரிய வெச்சு நாக்கு வழிக்கறதா? பழசைப் போடு"ன்னாரு. அன்னிக்கே போட்டுட்டாங்க. என்ற பக்கத்தைத் தூக்கிக் கடாசிட்டு அந்தப் பாடாவதியப் போட்டுட்டாங்க. இப்பவும் குப்புராஜு கற்பூரம் காட்டறான், அது பாட்டுக்குச் சுத்துது, அவனுக்கு அப்பிடி ஒரு நிம்மதி. எனக்கு அழுகை வந்துருச்சுங்கண்ணா. ஆம்பளை அழுகக் கூடாதும்பாங்க. பாத்ரூமுல போயி அழுதேன்.

தேங்கிக் கெடந்த சரக்கையெல்லாம் என்ன செஞ்சாங்கன்னா, நாலஞ்சு புள்ளைகளை வேலைக்கு வெச்சு, வரிசையாப் போன் போட்டுக் கேட்டாங்க. பாதிப் பேரு வந்து திட்டிட்டு எடுத்துட்டுப் போனாங்க. போன் எடுக்காததையும் நம்பரு இல்லாததையும் பொங்கலுக்கு மொதலாளி பேரைக்கூடப் பாக்காமப் பிரிச்சாரு. சீலை வேட்டி சட்டைன்னு குடோன்ல மலையாக் குமிச்சு, ஆளாளுக்கு எடுத்துக்கங்கன்னுட்டாரு. "வேலு, நீயும் ஒண்ணு எடுத்துக்கடா"ன்னாரு. நானா? அந்தப் பக்கமே திரும்பலை. என்ற வேலையத் தூக்கி எறிஞ்சுட்டு ஓசித் துணி குடுக்கறாரு.

குப்புராஜு எடுத்துக்கிட்டான். பொங்கலன்னிக்குப் பாக்கோணுமே அவனை! கருநீலத்துல முழுக்கைச் சட்டை. ஆளு இத்தனூண்டு. சட்டைக் கை விரலைத் தாண்டித் தொங்குது. சித்த நேரத்துக்கு ஒருக்கா மடிச்சு மடிச்சு உட்டுக்கறான். மடிச்ச எடத்துல உள்பக்கம் மஞ்சக் கறை வேற. எந்தப் புண்ணியவதி வெச்சதோ, புதுத் துணிக்கு மஞ்சளை ஊருல எல்லாரும் காலர்ல வெப்பாங்க, இது கையில. எனக்குச் சிரிப்புத் தாங்கலை. அவனைப் பாத்துச் சிரிச்சதுலதானுங்க எனக்கு அன்னிக்குப் பொங்கலே.

அன்னிக்குத்தான் மொதலாளி சொன்னாரு. "உன்ற ஊட்டுக்காரி ஆபீஸுக்குப் போன் பண்ணுச்சுடா. உன்ற பழைய நம்பருக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துச்சாம். பொங்கல் கழிச்சு வந்து ஒரு முடிவு சொல்லச் சொல்லுச்சு"ன்னு. அதுக்குத்தான் போயிட்டு இருக்கறேன். போயி மொத வார்த்தையா என்ன கேக்கப் போறேன் தெரியுங்களா? ரசீது எங்கன்னுதான். காட்டட்டும் பாக்கலாம். அப்ப தெரிஞ்சு போகுதல்ல, ஆரு பொய்யின்னு.

என்னங்கண்ணா?

இல்லீங்க, புரியலை. மறுக்காச் சொல்லுங்க. எந்தப் பக்கத்துலயா? குப்புராஜு எனக்குத் தேடுனதுங்களா? புதுசுலதானுங்க. தீவாளிக்கு முன்னாடி புதுசுதானே இருந்துச்சு. நாந்தான் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தனே. உச்சியில தேடற பெட்டிக்கெல்லாம் அவன் போகலை, பழையபடி டக்கு டக்குன்னு ரெண்டு...

சித்த இருங்க.

இல்லீங்கண்ணா. அதெப்படிங்க. அவ அனுப்பியிருந்தா அந்தப் புள்ளைக எனக்குப் போன் போட்டிருக்குமல்ல? என்ற நம்பர்தானே குடுத்திருப்பா. என்ற நம்பரு...

கோகிலா காலர்ல மஞ்சள் வெக்க மாட்டாளுங்க. கண்ணாலமான வருசம் வெச்சா. ஆபீஸ் போட்டுட்டுப் போற சட்டையில இப்படியா கறை பண்ணுவேன்னு கத்துனேன். அதுல இருந்து வெளிய தெரியாத எடமாப் பாத்து வெப்பா. சட்டைக் கையில, பட்டனுக்கு உள்பக்கம். கட்டை விரல்ல தொட்டு, இத்தனூண்டு.

கருநீலம் எனக்கு எடுப்பா இருக்கும்னு அவதான் சொல்லுவா.

நான் சிரிச்சனுங்கண்ணா. அவனைப் பாத்து, வவுறு வலிக்கச் சிரிச்சேன்.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. சன்னல் காத்து. இது என்ன ஊருங்க, கோயில்பட்டியா? இன்னும் எவ்வளவு நேரமாகும்? நானு மொதல்ல அவகிட்டப் பேசிப் போடறேன். போனைத்தான் எடுத்தேன், ஆனா புது நம்பருங்களே, ஆருன்னு தெரியாம எடுக்காம உட்டுட்டா? எடுத்தாலும் நான் என்னன்னு சொல்லுவேன்?

உங்க போனு வெளிச்சம் வந்துருச்சுங்க. எறங்கிருச்சாட்ட இருக்குது. என்ன, இல்லீங்களா? பையன் நம்பரு இல்லைன்னு காட்டுதா? ஆருக்குங்க போன் போடறீங்க, அவனுக்கா? வேண்டாமுங்க. வெய்யுங்கண்ணா, வெய்யுங்க. இல்லைன்னு மட்டும் அவனுக்கு இப்பச் சொல்லிப் போடாதீங்க. அது முழுசா எறங்குச்சோ பாதிதான் எறங்குச்சோ. இக்கட்டக் குடுங்க. நம்பரைச் சொல்லுங்க, மெதுவாச் சொல்லுங்க. நானே தேடறேன்.